கூடாரத்துக்குள் ஒரு பகல்

ஷா ஆலம் நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே ஏறத்தாழ 3 பாகை தள்ளி இருப்பதால், அங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு சுமார் 20 நிமிடந்தான். தை மாதமானாலும் ஆடி மாதமானாலும் சூரியன் காலை ஏழு, ஏழரைக்குள் உதித்து மாலை ஏழு, ஏழரைக்குள் மறைகிறது. இப்படி ஆண்டு முழுவதும் வெயில் காயும் ஊரில் ஒரு கைப்பிடிக் கீரையை வளர்ப்பதற்கு மின்விளக்கு எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. அதற்கான விடையை இன்றைய குடியிருப்புகள் கட்டப்பட்டிருக்கும் விதத்தில்தான் தேட வேண்டும்.

கோலாலம்பூர் 1974இல் கூட்டரசுப் பிரதேசமானதை அடுத்து, 1978இல் சிலாங்கூரின் தலைநகராக அறிவிக்கப்பட்ட ஷா ஆலம், அதற்கு முன் ரப்பரும் செம்பனையும் நின்ற தோட்ட நிலம். அந்தத் தோட்டங்களில் உழைத்த தமிழ்க் குடும்பங்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்குப் பின்னால் ஒரு முருங்கையும் ஒரு கறிவேப்பிலைச் செடியும் நாலைந்து கீரைப் பாத்திகளும் இருப்பது வழக்கம். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று கிள்ளான் பள்ளத்தாக்கின் அடுக்குமாடிகளில் வாழ்கிறார்கள். அவர்களுக்குக் கிடைப்பது நிலமற்ற ஒரு மாடமும் அதன் தலைக்கு மேல் இன்னொரு வீட்டு மாடமும் ஆகும். நிலநடுக்கோட்டு ஊர்களில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சிக்கு நேராக நிற்பதால், ஒளி மிகுதியாக இருக்கும் அந்தப் பொழுதில் மேல்தளத்து மாடம் கீழ்த்தளத்து மாடத்தை முழுமையாக நிழலில் ஆழ்த்திவிடுகிறது. கிழக்கு நோக்கிய மாடத்துக்குக் காலையிலும் மேற்கு நோக்கிய மாடத்துக்கு மாலையிலும் இரண்டு மூன்று மணி நேர வெயில் வாய்க்கும். எதிரே இன்னொரு அடுக்குமாடி எழும்பிவிட்டால் அதுவும் போய்விடும். வெயில் நிறைந்த ஊரில் செடிகள் ஒளிக்கு ஏங்கி, தண்டு நீண்டு, வெளிறிச் சாய்வது இதனால்தான்.

இந்தக் குறையை ஈடுசெய்ய வீட்டு மூலையில் வைக்கக்கூடிய சாதனமே வளர்ப்புக் கூடாரம். கம்பிச் சட்டத்தின் மேல் தடித்த துணியைப் போர்த்தி, உட்புறம் வெள்ளிபோல் மின்னும் படலம் ஒட்டி, ஜிப்பு வைத்துத் தைத்த பெட்டி அது. உள்ளே தொங்கும் விளக்கின் ஒளி வெளியே சிதறாமல் திரும்பத் திரும்ப இலைகளின் மேல் விழுமாறு அந்தப் படலம் செய்கிறது. பழைய அலமாரி ஒன்றின் உட்புறத்தில் பளபளப்பற்ற வெள்ளைச் சாயம் பூசினாலும் அதற்கு அதிகம் குறையாத பலன் கிடைக்கும். இத்தகைய கூடாரங்களுக்குச் சில நாடுகளில் கஞ்சா வளர்ப்போடு சேர்ந்த பெயரும் உண்டு. மலேசியாவில் 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 6பி பிரிவு அதற்கு ஆயுள் சிறையும் பிரம்படியும் விதிக்கிறது. இங்கே பேசப்படுவது கீரையும் நாற்றுகளும் மட்டுமே.

எல்.இ.டி. விளக்கு ஷா ஆலம் மக்களுக்குப் புதியதன்று. செக்‌ஷன் 7இல் உள்ள ஐ-சிட்டி வளாகம் பெயர்பெற்றதே அங்கு நிறுத்தப்பட்ட எல்.இ.டி. மரங்களால்தான். ஆனால் அந்த மரங்கள் மனிதக் கண்ணுக்காக ஒளிர்பவை. செடிக்காக ஒளிரும் விளக்கை வேறு அளவுகோலால் அளக்க வேண்டும். மனிதக் கண் பச்சையையும் மஞ்சளையும் மிகக் கூர்மையாக உணர்ந்து, நீலத்தையும் ஆழ்ந்த சிவப்பையும் மங்கலாகவே உணர்கிறது. கடைகளில் விளக்குப் பெட்டிமேல் அச்சிடப்படும் லூமென் என்ற அளவும், ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தைக் குறிக்கும் லக்ஸ் என்ற அளவும் கண்ணின் இந்தச் சாய்வையே அடிப்படையாகக் கொண்டவை. இலையோ 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான அலைநீளம் கொண்ட ஒளித்துகள்கள் அனைத்தையும் ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுத்துகிறது. கீத் மெக்ரீ என்ற ஆய்வாளர் பல பயிர்களின் இலைகளை வெவ்வேறு நிற ஒளியில் வைத்து அளந்து 1972இல் வெளியிட்ட வரைகோடு, சிவப்பு முதலிடம் பெற்றாலும் பச்சையும் பெருமளவு பயன்படுகிறது என்று காட்டியது. செடி பச்சை ஒளியை முழுவதும் திருப்பி அனுப்பிவிடுகிறது என்று பள்ளிப் பாடத்தில் படித்த நினைவு பலருக்கு இருக்கும். அதைச் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும். மேலிலை உறிஞ்சாமல் விடும் பச்சைத் துகள்களில் ஒரு பகுதி கீழிலைகளுக்கு ஊடுருவிச் சென்று அங்கே உணவாகிறது.

ஆகவே செடிவளர்ப்பில் ஒளியை எண்ணிக்கையாகக் கணக்கிடுகிறார்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு நொடியில் எத்தனை மைக்ரோமோல் ஒளித்துகள்கள் விழுகின்றன என்பது ஓர் அளவு. மைக்ரோமோல் என்பது ஆறாயிரம் கோடி கோடிக்கும் மேற்பட்ட ஒரு பேரெண்ணின் பெயர், அவ்வளவே. நாள் முழுவதும் விழுந்த மொத்தம் எத்தனை மோல் என்பது இன்னொரு அளவு. மழையோடு ஒப்பிட்டால், முன்னது அந்த நொடியில் மழை எவ்வளவு உரத்துப் பெய்கிறது என்பதைப் போன்றது, பின்னது மழைமானியில் மாலையில் சேர்ந்திருக்கும் நீரைப் போன்றது. தெளிந்த நண்பகல் வெயில் நொடிக்கு 2000 மைக்ரோமோல் அளவுக்குக் கொட்டுகிறது. நாற்றுகளுக்கு 100 முதல் 150 போதும். கீரை வகைகள் 200 முதல் 250 வரை கிடைத்தால் நன்றாக வளரும். மிளகாயும் தக்காளியும் காய்க்க வேண்டுமானால் 500, 600 என்று கேட்கும். 250 மைக்ரோமோல் ஒளியை 14 மணி நேரம் கொடுத்தால் நாள் மொத்தம் ஏறத்தாழ 12.6 மோல் ஆகிறது. கீரைக்கு அது நிறைவான சாப்பாடு.

இந்த ஒளியைத் தரவல்ல எல்.இ.டி. வெகு நாள் காத்திருந்து பிறந்தது. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளியை உமிழும் முதல் எல்.இ.டி.யை நிக் ஹோலோன்யாக் 1962இல் உருவாக்கினார். 1991இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிவப்பு எல்.இ.டி.யைக் கொண்டு கீரை வளர்த்த சோதனையை வெளியிட்டனர்; ஆனால் பிரகாசமான நீல எல்.இ.டி. கைகூடாதவரை வெள்ளை விளக்குக்கு வழியில்லை. அதைச் சாதித்த இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபெல் பரிசு கிடைத்தது. 2015 ஆகஸ்டில் பன்னாட்டு விண்வெளி நிலையத்து வீரர்கள் எல்.இ.டி. ஒளியில் தாங்களே வளர்த்த சாலட் இலையைத் தின்றார்கள். மலேசியாவுக்கும் இந்தக் கதையில் இடமுண்டு: பினாங்கு நெடுங்காலமாக எல்.இ.டி. உற்பத்தி செய்யும் தீவு, கெடாவின் கூலிமில் 2017இல் ஓஸ்ராம் நிறுவனம் எல்.இ.டி. சில்லு ஆலையைத் திறந்தது. செர்டாங்கில் மார்டி என்ற வேளாண் ஆராய்ச்சி நிலையம் செயற்கை ஒளியில் பயிர் வளர்க்கும் ஆலை அமைப்புகளை ஆராய்ந்துவருகிறது.

வீட்டில் விளக்குச் செய்ய விரும்புவோர் வாங்க வேண்டியது எல்.இ.டி. கீற்று. அரைமீட்டருக்குச் சற்று மிகுந்த நீளமும் இரண்டு விரல் அகலமும் கொண்ட அந்த வெள்ளைப் பட்டையை அருகில் வைத்துப் பார்த்தால், மூன்று மில்லிமீட்டர் சதுரமான மஞ்சள் பொட்டுகள் வரிசை பிடித்து நிற்பது தெரியும். மஞ்சள் என்பது மேற்பூச்சின் நிறம். அதன் அடியில் மணல் துகள் அளவுக்கு ஒரு நீலச் சில்லு ஒளிந்திருக்கிறது. சில்லு உமிழும் நீல ஒளியில் ஒரு பகுதியைப் பூச்சு விழுங்கிப் பச்சையாகவும் மஞ்சளாகவும் சிவப்பாகவும் மாற்றி வெளியிட, மிஞ்சிய நீலமும் அவற்றோடு கலந்து வெள்ளையாகிறது. செடிக்கு நீலம் தேவை, ஏனெனில் அதுவே தண்டைக் குட்டையாகவும் இலையைத் தடிப்பாகவும் வைக்கிறது. சிவப்பும் தேவை, பச்சையும் வீணில்லை. ஆதலால் சிவப்பும் நீலமும் மட்டும் கலந்து கத்தரிப்பூ நிறத்தில் ஒளிரும் மலிவு விளக்குகளைத் தேடிப் போவதைவிடத் தரமான வெள்ளைக் கீற்றைத் தேர்வது நல்லது. அந்த ஊதா ஒளியில் இலையின் உண்மை நிறமே தெரியாது. மஞ்சளித்த இலையையும் பூச்சி அரித்த தழும்பையும் கண்டுபிடிக்க முடியாமல் போவது வளர்ப்பவருக்குப் பெரிய இழப்பு.

எத்தனை கீற்று வேண்டும் என்பதைக் கணக்கிட்டே அறிந்துகொள்ளலாம். 60 சென்டிமீட்டர் நீளமும் அகலமும் கொண்ட கூடாரத்தின் பரப்பு 0.36 சதுர மீட்டர். அங்கே சதுர மீட்டருக்கு 250 மைக்ரோமோல் விழ வேண்டுமானால், மொத்தம் 90 மைக்ரோமோல் இலைகளைச் சென்றடைய வேண்டும். சுவரிலும் தரையிலும் கால் பங்கு தொலையும் என்று வைத்துக்கொண்டால் விளக்கு 120 மைக்ரோமோல் உமிழ வேண்டும். நல்ல கீற்று, ஒரு வாட் மின்திறனுக்கு நொடிக்கு 2.5 மைக்ரோமோல் தரும். ஆக 48 வாட் போதும். இதே பரப்பில் மிளகாய் காய்க்க 600 மைக்ரோமோல் வேண்டுமென்றால் கணக்கு 115 வாட்டுக்குத் தாவிவிடும். விற்பனை விளம்பரங்களில் 1000 வாட் என்று பெரிய எழுத்தில் போடப்படும் விளக்குகள் சுவரிலிருந்து உண்மையில் எத்தனை வாட் இழுக்கின்றன என்பதைப் பார்க்காமல் வாங்குவது பண இழப்பு.

ஏறத்தாழ 20 வோல்ட்டில் 0.7 ஆம்பியர் வரை தாங்கும் கீற்றுகள் நான்கை எடுத்துக்கொண்டால், ஒவ்வொன்றுக்கும் 12 வாட் கொடுத்து 48 வாட்டை எட்டலாம். கீற்றுக்கு வீட்டு மின்சாரத்தை நேராகக் கொடுக்க முடியாது. இடையில் டிரைவர் என்ற மின்மாற்றிப் பெட்டி நிற்க வேண்டும். எல்.இ.டி.யின் இயல்பு விசித்திரமானது: மின்னழுத்தம் சற்றே கூடினாலும் அதில் பாயும் மின்னோட்டம் பன்மடங்கு கூடுகிறது, சூடேறினால் அது இன்னும் எளிதாக மின்னை உள்வாங்குகிறது, அதனால் மேலும் சூடேறுகிறது. இந்தச் சுழலுக்குக் கடிவாளம் போட மின்னோட்டத்தை ஒரே அளவில் நிறுத்தும் டிரைவர் தேவைப்படுகிறது. நான்கு கீற்றுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைத்தால் 80 வோல்ட் ஆகிறது. பக்கம்பக்கமாக இணைத்தால் 20 வோல்ட்டிலேயே நிற்கிறது, மின்னோட்டம் மட்டும் 2.4 ஆம்பியர் ஆகிறது. தொடர் இணைப்பில் எல்லாக் கீற்றுக்கும் ஒரே அளவு மின்னோட்டம் பாயும் என்பது அதன் சிறப்பு. ஆயினும் ஈரக்கை படக்கூடிய இடத்தில் 80 வோல்ட் திறந்து கிடப்பது ஆபத்து. நேர்மின்னோட்டத்தில் 60 வோல்ட்டுக்குக் கீழே இருப்பதே வீட்டுக் கைவேலைக்கு ஏற்ற எல்லை. ஆகையால் பக்க இணைப்பே சிறந்தது. அதில் ஒரு கீற்றின் கம்பி கழன்றுவிட்டால் மற்ற மூன்றும் அதன் பங்கையும் சேர்த்து 0.8 ஆம்பியர் சுமக்க நேரிடும் என்பதால், டிரைவரின் அளவைச் சற்றுக் குறைத்து வைப்பதும் இணைப்புகளை அவ்வப்போது இழுத்துப் பார்ப்பதும் நல்லது. பெரும்பாலான கீற்றுகளின் முனையில் கம்பியைச் சொருகினால் பிடித்துக்கொள்ளும் சிறு பற்றி இருப்பதால், பற்றவைக்கத் தெரியாதவரும் இந்த வேலையைச் செய்யலாம். கோலாலம்பூர் பூடுவில் உள்ள ஜாலான் பாசார், மின்னணுப் பாகங்களுக்குப் பல காலமாகப் பெயர்பெற்ற தெரு. அங்கே கடைக்காரரிடம் நேரில் கேட்டு, மல்டிமீட்டர் உட்பட எல்லாவற்றையும் வாங்கி வரலாம்.

வெளிச்சம் இவ்வாறு எளிதில் கிடைத்துவிடும். ஷா ஆலமில் விளக்குச் செய்பவரின் உண்மையான வேலை வெப்பத்தை வெளியேற்றுவதில் தொடங்குகிறது. குளிர்நாட்டில் எழுதப்பட்ட செய்முறைகளில் விளக்கின் சூடு செடிக்குக் கிடைத்த போனஸாகக் கருதப்படுவதுண்டு. ஆனால் பகலில் 32, 33 பாகை செல்சியஸும் எண்பது விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதமும் நிலவும் ஊரில் அந்த அறிவுரை செடியைக் கொன்றுவிடும். நல்ல எல்.இ.டி.கூட மின்சாரத்தில் பாதியளவையே ஒளியாக்குகிறது, மீதி அங்கேயே சூடாகிறது. ஒளியாகப் போனதும் இலையிலும் சுவரிலும் பட்டு இறுதியில் சூடாகவே முடிகிறது. இலை சர்க்கரையாகச் சேமிப்பது மிகச் சிறு பகுதி. எனவே 50 வாட் விளக்கு என்பது கூடாரத்துக்குள் வைத்த 50 வாட் அடுப்புதான்.

அந்த வெப்பம் முதலில் சில்லிலிருந்து வெளியேற வேண்டும். கீற்றை வெறும் பலகையிலோ பிளாஸ்டிக்கிலோ ஒட்டாமல், ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் அலுமினியக் கோணச் சட்டத்தின் மேல் வெப்பம் கடத்தும் ஒட்டுநாடாவால் பதிக்க வேண்டும்; பதிக்கும்முன் அலுமினியத்தைத் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கை நீக்காவிட்டால் இடையே காற்றுப்பொட்டுகள் தங்கி, அந்த இடத்துப் பொட்டுகள் மட்டும் முன்கூட்டியே மங்கிப்போகும். ஒரு மணி நேரம் எரிந்தபின் மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் சட்டத்தின் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கலாம். கையை எடுக்காமல் பத்து நொடி வைக்க முடிந்தால் நல்லது, சுரீரென்று எடுக்க நேர்ந்தால் அலுமினியம் போதாது. டிரைவர் பெட்டியும் தன் பங்குக்கு ஐந்தாறு வாட் சூட்டைக் கக்கும் என்பதால் அதைக் கூடாரத்துக்கு வெளியே பொருத்துவது ஒரு மறுக்க முடியாத விதி என்றே கொள்ள வேண்டும்.

அடுத்து, கூடாரத்துக் காற்று மாற வேண்டும். 50 வாட் சூட்டினால் உள்வெப்பம் வெளி அறையைவிட 3 பாகைக்கு மேல் ஏறாதிருக்க, மணிக்கு ஏறத்தாழ 50 கனமீட்டர் காற்று ஓட வேண்டும். அதாவது 140 சென்டிமீட்டர் உயரக் கூடாரத்தின் காற்று மணிக்கு நூறு முறை புதிதாக வேண்டும். கேட்கப் பெரிதாகத் தோன்றினாலும் கணினிப் பெட்டியில் இருக்கும் 12 சென்டிமீட்டர் மின்விசிறி ஒன்றே மேற்புறத் துளையில் வெளிநோக்கிப் பொருத்தப்பட்டால் இதைச் செய்துவிடும், கீழ்ப்புறத் துளை திறந்திருந்தால் போதும். இலைகள் வியர்த்து வெளிவிடும் ஈரத்தையும் அதே விசிறி கொண்டுபோகிறது. ஈரம் தங்கினால் இலையில் சாம்பல் பூசணம் படரும். ஆனால் எந்த விசிறியும் கூடாரத்தை அறையைவிடக் குளிர்ச்சியாக்க முடியாது என்பதை மனத்தில் இருத்த வேண்டும். அறை 31 பாகை என்றால் கூடாரம் 34. இதனால்தான் விளக்கை இரவு ஏழு மணிக்கு ஏற்றிக் காலை ஒன்பது மணிக்கு அணைப்பது இந்த ஊருக்கு ஏற்றது; செடிக்கு மணி தெரியாது, இரவின் குளிர்ந்த காற்று மட்டும் அதற்கு உதவும்.

கைவேலையில் தவறு உயிரைப் பறிக்கக்கூடிய இடம் மின்சாரப் பகுதி. மலேசியாவில் வீட்டு மின்கருவிகளைச் சோதிக்கும் சிரிம் நிறுவனத்தின் தலைமையகம் ஷா ஆலம் செக்‌ஷன் 2இல்தான் இருக்கிறது. பிளக்கிலும் நீட்டிப்புக் கம்பியிலும் காணப்படும் அதன் முத்திரை, அந்தப் பொருள் சோதிக்கப்பட்டதற்கு அடையாளம். வீட்டில் செய்த விளக்குக்கு அந்த முத்திரை கிடைக்காது. ஆகவே 230 வோல்ட் ஓடும் பகுதி முழுவதும், அதாவது பிளக், கம்பி, டிரைவர் ஆகியவை, தரச்சான்று பெற்றுத் தொழிற்சாலையிலிருந்து வந்தவையாகவே இருக்க வேண்டும். கையால் செய்வது டிரைவருக்குப் பிந்தைய 20 வோல்ட் பகுதியோடு நிற்க வேண்டும். மூன்று முனைப் பிளக்கில் 13 ஆம்பியர் ஃபியூஸை எடுத்துவிட்டு 3 ஆம்பியர் ஃபியூஸைப் போட்டால், கோளாறு நேரும்போது கம்பி தீப்பிடிக்கும்முன் ஃபியூஸ் அறும். டிரைவரின் உலோக உடலும் அலுமினியச் சட்டமும் பச்சையும் மஞ்சளுமான எர்த் கம்பியோடு இணைக்கப்பட வேண்டும். பல வீடுகளின் மின்பெட்டியில் உள்ள கசிவு காப்புச் சுவிட்ச் 100 மில்லி ஆம்பியரில் விழுவது. அது தீயைத் தடுக்கும், ஆளைக் காக்கும் என்று நம்ப முடியாது. தண்ணீரும் மின்சாரமும் அருகருகே இருக்கும் இந்த வேலைக்கு 30 மில்லி ஆம்பியரில் விழும் சுவிட்ச் உள்ள இணைப்பு வேண்டும். அதைப் பதிவுபெற்ற வயர்மேனிடம் கொடுத்தே செய்ய வேண்டும். கம்பிகள் கூடாரத்துக்குள் நுழையுமுன் ஒரு முறை கீழே தொய்ந்து பின்னர் மேலேறுமாறு விட்டால், கம்பி வழியே வழியும் நீர் அந்தத் தொய்விலேயே சொட்டிவிடும்.

செலவு அஞ்சத்தக்கதன்று. டிரைவரின் இழப்பையும் விசிறியையும் சேர்த்து 57 வாட், நாளுக்கு 14 மணி நேரம் என்றால் மாதத்துக்கு 24 யூனிட். யூனிட்டுக்கு 50 சென் என்று வைத்துக்கொண்டாலும் 12 வெள்ளிதான். 115 வாட் மிளகாய் விளக்கு இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கேட்கும், சூடும் அவ்வாறே கூடும். ஆதலால் காய்ப்பவற்றை வெயில் படும் இடம் உள்ளவர்களுக்கு விட்டுவிட்டு, கூடாரத்தைக் கீரைக்கும் நாற்றுக்கும் ஒதுக்குவதே அறிவுடைமை.

எந்தக் கீரை என்பதும் யோசித்து முடிவுசெய்ய வேண்டியது. கொத்தமல்லி பலருக்கும் முதல் ஆசையாக இருக்கும். ஆனால் அது நீண்ட பகலிலும் வெப்பத்திலும் இலையை விட்டுவிட்டுப் பூக்கத் துடிக்கும் செடி என்பதால், 14 மணி நேர விளக்கும் 33 பாகைச் சூடும் அதற்கு இரட்டைத் தண்டனை. குளிரூட்டிய அறையில், 12 மணி நேர ஒளியில் மட்டுமே அது பொறுமையாக இலைவிடும். முளைக்கீரையின் பெரும்பாலான வகைகளோ குறுகிய பகலில் பூப்பவை. நிலநடுக்கோட்டின் 12 மணிப் பகலில் விரைந்து கதிர்விடும் அவை, கூடாரத்துக்குள் இந்த மண் ஒருபோதும் காணாத 14 மணிப் பகலைக் கண்டதும் இலையாகவே தழைக்கும், வெப்பத்தையும் தாங்கும். கங்கோங், வெந்தயக்கீரை, வல்லாரை, துளசி, புதினா ஆகியவையும் இங்கு ஏற்றவை.

விளக்கைத் தொங்கவிட்டபின் ஒளியை அளந்து பார்ப்பது அவசியம். கைப்பேசியில் உள்ள லக்ஸ் அளவீட்டுச் செயலி துல்லியமானதன்று. ஆயினும் இடத்துக்கு இடம் உள்ள வேறுபாட்டைக் காட்டிவிடும். வெள்ளை எல்.இ.டி.க்கு ஒரு மைக்ரோமோல் ஏறத்தாழ 67 லக்ஸுக்கு நிகர் என்பதால், இலை மட்டத்தில் 17,000 லக்ஸை ஒட்டிய எண் தெரிந்தால் 250 மைக்ரோமோலை எட்டியாயிற்று. நடுவில் எண் மிகுந்தும் மூலைகளில் பாதியாகக் குறைந்தும் இருந்தால், நடுவிலுள்ள இரண்டு கீற்றுகளையும் ஓரத்தை நோக்கி நகர்த்த வேண்டும். பிறகு முப்பது சென்டிமீட்டர் உயரத்திலிருந்து மேலும் கீழும் அசைத்து இடத்தைச் சரிசெய்யலாம். தண்டு நெடுநெடுவென்று நீண்டால் ஒளி போதவில்லை, மேலிலை வெளிறி ஓரம் சுருண்டால் ஒளியோ சூடோ மிகுந்துவிட்டது.

கூடாரத்தில் முளைத்த மிளகாய் நாற்றையோ கத்தரி நாற்றையோ உறவினர் வீட்டுத் தரைத்தோட்டத்துக்குக் கொடுத்தனுப்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 250 மைக்ரோமோலில் பிறந்து வளர்ந்த இலைக்கு 2000 மைக்ரோமோல் வெயில் நெருப்பு. நேராக வெளியே வைத்தால் இரண்டே நாளில் வெள்ளை வெள்ளையாகக் கருகிவிடும். முதல் இரண்டு நாள் காலை வெயிலில் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு, மூன்று என்று கூட்டி, பத்து நாள் கழித்தே அதை உச்சி வெயிலில் நட வேண்டும்.